பாஸ்டு அவுட்

தையலக்கா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டியபோது அதன் கண்ணாடியில் பச்சை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் தள்ளிவிட்டுத்தான் செய்தியைப் படித்தேன். ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் கடைத்தெருவில், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே ஒரு சின்ன அறையில் அவர் மெஷின் போட்டிருந்தார். தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கத்தான் போயிருந்தேன்.

அவருடைய கணவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் பல வருடம் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தார். என்றாவது பெர்மனன்ட் ஆகிவிடும் என்று காத்திருந்து, நாற்பது வயதைத் தாண்டியபின் வளைகுடாவுக்குப் போனார். போன இடத்தில் முதல் சில மாதம் எடுபிடி வேலைதான். பிறகு ஒரு வெல்டிங் டெஸ்ட் வைப்பார்கள், அதில் தேறினால்தான் வெல்டராக வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வாரம்தான் டெஸ்ட் என்று அக்கா கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

செய்தி சைட் ஆபீஸில் இருந்த வேறு நாட்டுக்காரர் ஒருவர் அனுப்பியது. மூன்றே வரி. “யுவர் ஹஸ்பெண்ட் பாஸ்டு அவுட் இன் டெஸ்ட். நவ் ஓகே. வில் கால்.”

நான் இந்த டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாவது முறை படிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

“பாஸ் ஆயிட்டாருக்கா” என்றேன்.

இப்போது யோசித்தால், அந்தச் சொல்லோடு நாங்கள் எல்லோரும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தோம் என்பது புரிகிறது. என் அப்பா வேலைக்குப் போக கேட் பாஸ். நான் பள்ளிக்குப் போக பஸ் பாஸ். பரீட்சையில் பாஸ், ஆபீஸில் பில் பாஸ். எங்கள் தெருவில் அஞ்சு மணிக்கு மேல் பந்தை வைத்துக்கொண்டு கத்துகிற பிள்ளைகளும் பாஸ் பாஸ் என்றுதான் கத்துவார்கள். என் பயோடேட்டாவிலேயே நான் இன்ன கல்லூரியில் பாஸ்டு அவுட் என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்த யாரும் நான் கல்லூரியில் மயங்கி விழுந்ததாக நினைக்கவில்லை. இங்கே அதற்குப் படித்துத் தேறி வெளியே வந்தார் என்று மட்டும்தான் அர்த்தம். கடல் தாண்டினால் அந்த இரண்டு சொல்லுக்கும் வேறு அர்த்தம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அன்று நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அக்கா மெஷினிலிருந்து எழுந்தார். பிறகு கடையைச் சாத்திவிட்டுப் போனார். ஒரு மணிக்கெல்லாம் என் குவார்ட்டர்ஸ் வாசலில் தூக்குவாளியோடு வந்து நின்றார். கேசரி. தலைக்குக் குளித்து, பெட்டியில் வைத்திருந்த புடவையைக் கட்டியிருந்தார். இன்னும் மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் கொடுக்க வேண்டும் என்று உட்காராமலே கிளம்பினார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கேசரியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். செய்தியின் நடு வரி எங்கிருந்தோ வந்து நின்றது. நவ் ஓகே. இப்போது நன்றாக இருக்கிறார். டெஸ்டில் தேறியவனைப் பற்றி ஏன் அப்படி எழுத வேண்டும்?

கிண்ணத்தை மூடி வைத்தேன். மாலையில் எப்படியும் போன் வரும், அவராகவே தெரிந்துகொள்வார் என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நாலு மணி ஆகிவிட்டது.

அக்கா கடையைத் திறந்து வைத்து, தைத்துக்கொண்டிருந்தார். நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்றும், டெஸ்ட் நடக்கும்போது அவர் மயங்கி விழுந்திருக்கிறார் என்றுதான் அதற்கு அர்த்தம் என்றும் சொன்னேன். மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“உயிரு இருக்குதா டீச்சர்?”

“இருக்குக்கா. இப்ப நல்லா இருக்காருன்னு எழுதியிருக்காங்க.”

“அதையாவது சரியா படிச்சீங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் போனை வாங்கி அந்த வரியை ஒவ்வொரு சொல்லாகப் படித்து அர்த்தம் சொன்னேன். கணவரின் எண்ணுக்குப் பல முறை போட்டும் எடுக்கவில்லை. கடைசியில் அவரோடு தங்கியிருந்த குள்ளஞ்சாவடிக்காரர் எடுத்தார். டெஸ்டுக்காகத் தடுத்திருந்த கூண்டுக்குள் வெக்கையில் சுருண்டு விழுந்து, நெற்றியில் தையல் போட்டிருக்கிறதாம். சர்க்கரை இருந்ததை யாரிடமும் சொல்லாமல் வேலை பார்த்துக்கினு இருந்தாராம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சாப்பிட்டாரானு கேட்டு சொல்லுங்க” என்று மட்டும் அவரிடம் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் வைத்தார்கள். அவர் தேறவில்லை. ஊருக்கு வந்து, இப்போது வடலூர் போகிற வழியில் ஒரு பட்டறையில் ஜன்னல் கம்பி, கேட் வேலை செய்கிறார். தையல் தழும்பு புருவத்துக்கு மேல் தெரியும். பார்த்தால் சிரிப்பார். அக்கா அவரிடம் கேசரியைப் பற்றிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

எனக்குத்தான் அது ஆறவில்லை. போன வருடம் ஒரு நாள், கடையில் வேறு யாரும் இல்லாதபோது, அன்றைக்கு நான் செய்தது பெரிய தப்பு என்று மறுபடி பேச்செடுத்தேன். அவர் வாயில் கடித்திருந்த நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அவரு அங்க இருந்த வரைக்கும் நான் சந்தோஷமா இருந்தது அந்த ஒரு நாளுதான் டீச்சர், அதுவும் பதினோரு மணிலருந்து நாலு மணி வரைக்கும். அத போயி தப்பு தப்புனு சொல்லிகினு இருக்காதீங்க.”

அதன் பிறகு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.