ஊதுபத்தி மணக்கும் சோறு

எங்கள் வீட்டுச் சோற்றில் சாமி வாசனை அடிக்கும். மற்றவர்கள் வீட்டில் ரசம் மணக்கும், கருவாடு மணக்கும். எங்கள் வீட்டில் பழைய சோற்றைக்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அம்மா ஊதுபத்தி உருட்டுகிறவள். கரித்தூளும் சந்தனத்தூளும் பிசினும் சேர்த்துப் பிசைந்த கறுப்பு மாவை மூங்கில் குச்சியில் ஏற்றிப் பலகையில் உருட்டி உருட்டி, அவள் உள்ளங்கையும் நகக்கண்ணும் கறுத்துக் கிடக்கும். சிகைக்காய் போட்டுத் தேய்த்தாலும் வாசனை போகாது. அந்தக் கையால் பிசைந்து ஊட்டினால் வேறெப்படி இருக்கும்? “எனக்கு வேண்டாம், சாமிக்கே போடு” என்று தினமும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏழு வயதுக் கழுதைக்கு அவ்வளவு வாய்.

எங்கள் ஊரான கௌதள்ளியிலிருந்து எங்களை மைசூருக்குக் கூட்டி வந்தவர் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பாவுக்குக் கண்ணம்பாடி அணைக்கட்டில் கல் வேலை பிடித்துக் கொடுத்தவரும் அவரே, அம்மாவுக்கு உருட்டும் பலகை கொடுத்தவரும் அவரே. அப்பா பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். அவர் கூலி ஊர்க் கடனுக்கும் வீட்டு வாடகைக்கும் சரியாகப் போய்விடும். அரிசி அம்மாவின் கையிலிருந்துதான் வரவேண்டும்.

மாமா கோட்டுப் போடுவார். எங்கள் சந்தில் கோட்டுப் போட்டு வருகிற ஒரே ஆள் என்பதால் நாய்கூட அவரைப் பார்த்துக் குரைக்காது. அடுத்த தசராவுக்குள் பெயர்ப் பலகை மாட்டிய சொந்தக் கடை, அதற்கடுத்த தசராவுக்குள் அரண்மனைக்கே சரக்கு. இதுதான் அவர் ஆசை. அதைச் சொல்லும்போது அவர் கண் பளபளக்கும். கேட்கிற எங்களுக்கே கடை வைத்துவிட்டதுபோல இருக்கும். சந்தில் உருட்டுகிற பெண்களிடம், “தானாடாட்டியும் தன் சதை ஆடும் அம்மிணி. நம்ம சனத்துக்கு நாஞ் செய்யாம வேற எவன் செய்வான்?” என்பார்.

சனிக்கிழமை காலையில் தள்ளுவண்டியோடு வருவார். காய்ந்த பத்திகளைச் சாக்கின்மேல் பரப்பி, குனிந்து பொறுக்க ஆரம்பிப்பார். கோணல், தடிப்பு, நுனியில் மாவு விட்டது என்று சொல்லிச் சொல்லித் தனியாகப் போடுவார். அதற்குக் ‘கழிப்பு’ என்று பெயர். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஆனால் கழித்ததை வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. குச்சி அவருடையது, மாவு அவருடையது, ஆகையால் கழிப்பும் அவருடைய கூடைக்கே போகும். வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மாமா வீட்டு வெந்நீர் எவ்வளவு வாசனையாக இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

இதில் பெரிய வேடிக்கை, சந்திலேயே அதிகக் கழிப்பு அம்மாவுக்குத்தான். தங்கச்சி சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஊர் என்ன பேசும்? அதனால் மற்றவர்களுக்கு ஒரு பிடி கழித்தால் அம்மாவுக்கு இரண்டு பிடி கழித்து, தாம் நியாயஸ்தன் என்று காட்டிக்கொள்வார். அம்மா வாயைத் திறந்தால் அவரிடம் ஒரு பழமொழி தயாராக இருக்கும். “உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாது, புள்ளே.” உழுதது யார், உழக்கு யாரிடம் மிஞ்சியது என்று யாரும் கேட்டதில்லை.

ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்மா என்னைச் சாமுண்டி மலைக்கு அழைத்துப் போனாள். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதி மலையில் இருக்கும் நந்திக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் சின்னச் சின்னக் கட்டாக ஊதுபத்தி விற்றுக்கொண்டிருந்தார். வீட்டில் மலை மலையாக உருட்டினாலும் சாமிக்கு ஏற்ற ஒன்றுகூட எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மா காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கி, அதில் ஒன்றை உருவிக் கொளுத்தினாள். புகை என் முகத்தில் அடித்ததுதான் தாமதம், “ஐயே, அம்மா! இது நம்மூட்டுச் சோத்து வாசனை!” என்று கத்திவிட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தாள். அத்தனையும் கோணல். சில தடிப்பு, சில நுனியில் மாவு விட்டது. இது யார் கொடுத்த சரக்கு என்று கன்னடத்தில் கிழவரைக் கேட்டாள். “கோட்டு சாவுகாரு தர்தாரம்மா” என்றார் அவர். கோட்டுப் போட்ட முதலாளி வாராவாரம் கூடையில் கொண்டுவந்து தருகிறாராம், நன்றாக விற்கிறதாம். அம்மா அந்தக் கட்டை முந்தானையில் முடிந்துகொண்டு மலை ஏறினாள். அம்மனுக்கு முன்னால் வெகுநேரம் கண்ணை மூடாமல் நின்றாள். நான் பொரிகடலை கேட்டுக் கேட்டு அவள் முந்தானையை இழுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. மாமா வந்து சாக்கை விரித்துப் பொறுக்கி முடித்தார். வழக்கம்போல அம்மாவின் கழிப்புதான் பெரிய குவியல். அவர் கூடையை எடுக்கத் திரும்பியபோது அம்மா உள்ளே போய், அடுப்பிலிருந்து ஒரு சட்டி நிறைய நெருப்பு அள்ளி வந்தாள். கழித்த பத்திகளைக் கை கொள்ளுமட்டும் எடுத்து, தணலில் பற்றவைத்து, தெருவோரத்து ஈர மண்ணில் குத்தினாள். அடுத்த பிடி, அதற்கடுத்த பிடி.

“ஏய், என்ன புள்ளே பண்றே? பைத்தியமா புடிச்சிருக்கு?” மாமா பதறிப்போனார்.

“வெந்நி அடுப்புல எரியறது இங்கயே எரியட்டுமுங்கண்ணா. உங்களுக்கு எதுக்குச் சுமை?”

“அது என்ர சரக்கு! குச்சி என்ர குச்சி, மாவு என்ர மாவு!”

அம்மா முந்தானையை அவிழ்த்து மலையில் வாங்கிய கட்டை அவர் முன்னால் போட்டாள். “குச்சி உங்குளுது. மாவு உங்குளுது. கை யாருதுங்கண்ணா?”

முந்தின நாளே குழாயடியில் விஷயம் பரவியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அத்தை மளமளவென்று தன் கழிப்பைக் கொண்டுவந்து குத்தினாள். எதிர்வீட்டு அக்காவும் வந்தாள். கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்கப் புகை! எனக்கானால் தலைகால் புரியவில்லை. எங்கள் சந்துக்குத்தான் அம்மன் வந்துவிட்டாளென்று வேலியில் கிடந்த பூவையெல்லாம் பறித்து வந்து தூவினேன். போகிற போக்கில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

அப்போது பெரிய தெருவில் போன ஒரு ஜட்கா சந்து முனையில் நின்றது. ஜரிகைத் தலைப்பாகை வைத்த வியாபாரி ஒருவர் இறங்கி, புகையை முகர்ந்துகொண்டே வந்தார். யாருடைய பத்தி இது என்று கேட்டார். மாமா அம்மாவைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “நம்முதுதாங்க, சுவாமி” என்றார். அம்மா விடவில்லை. “இது கழிச்ச சரக்குங்க. ஆகாதுன்னு எங்கண்ணன் தள்ளுனது” என்றாள். மாமாவின் மானத்தை வாங்கிவிட்டோம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். வியாபாரியோ மூக்கை இன்னொருமுறை உறிஞ்சி, “கழித்ததே இப்படியென்றால், நல்லது எப்படி இருக்கும்!” என்று கன்னடத்தில் வியந்து, மாமாவின் தோளில் கைபோட்டு ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடேயப்பா, அதற்கப்புறம் மாமா ஏறிய ஏற்றம்! தசராவுக்கு முன்பே பெயர்ப் பலகை ஏறிவிட்டது. எங்கள் சந்துக்கும் நல்லது நடக்காமல் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து கழித்த குச்சிக்கும் பாதிக் கூலி என்று மாமாவே அறிவித்தார். தெருவில் இன்னொருமுறை புகை கிளம்புவதை அவர் விரும்பவில்லை. பெண்களெல்லாம் அவரை வாழ்த்தினார்கள்.

அப்படி அறிவித்த சனிக்கிழமையே தள்ளுவண்டி வீடு வீடாக நின்று குச்சியும் மாவும் இறக்கியது. எங்கள் வாசலில் மட்டும் நிற்காமல் உருண்டு போனது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை ஓடிப்போய், “உங்க தங்கச்சிக்கு?” என்று கேட்டதற்கு, “தொழில் வேற, ரத்தம் வேற அம்மிணி” என்றார் மாமா. திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் மாவில் பாதியைப் பிரித்துக்கொடுக்க வந்தாள். “வேண்டாங்க. உங்கூட்டு அடுப்பு எரியட்டும்” என்று அம்மா அனுப்பிவிட்டாள்.

எனக்கு அந்த நாட்கள் கொண்டாட்டமாக இருந்தன. அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள், பகலில் என்னோடு படுத்துக் கதை சொன்னாள். உருட்டும் பலகையைக் கவிழ்த்துப்போட்டு நான் அதன்மேல் உட்கார்ந்து குதிரை ஓட்டினேன். நாளாக ஆக அவள் நகக்கண்ணில் இருந்த கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. உள்ளங்கை, மற்ற வீட்டு அம்மாக்களுடையதுபோல வெளுத்தது.

ஒரு நாள் மத்தியானம் அம்மா சோறு பிசைந்து ஊட்டினாள். முதல் கவளத்தை வழக்கம்போல மூக்கைச் சுளித்துக்கொண்டு வாங்கினேன். வாசனையே இல்லை! சோறு சோறாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்து முகர்ந்து முகர்ந்து பார்த்தேன்.

“அம்மா, இன்னிக்குத்தான் நீ நல்லா சமைச்சிருக்கே. இனிமே தினமும் இப்படியே செய்யும்மா” என்றேன்.

அம்மா அடி தெரிந்த சட்டிக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த கவளத்தை என் வாயில் வைத்தாள். “ஆகட்டும் கண்ணு” என்றாள்.