மெதுவாகப் பாடுகிறவர்கள்

எங்கள் சபையின் பாஸ்டர் ஒருநாள் பாண்டி பஜார் நடைபாதையில் எதிரே வந்தார். நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார். அவர் நகர்ந்ததும் நான் மனைவியிடம் கவலையாக, பாஸ்டருக்கு உடம்பு சரியில்லையோ, ஒவ்வொரு வார்த்தையையும் இப்படி இழுத்து இழுத்துப் பேசுகிறாரே என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்டருக்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு வருடமாக நான் அவர் பிரசங்கத்தைப் போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மனிதர் பேசும் நிஜ வேகம் எனக்கு மறந்தே போயிருந்தது.

அன்றைக்கு அதை ஒரு நகைச்சுவையாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். உறைக்க வேண்டியது அப்போது உறைக்கவில்லை.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்களை யாரும் அடிக்கவே இல்லை, நாங்களாகவே நகர்ந்தோம். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் பாதித் தெருக்களைத் தோண்டிப் போட்டு மீதியை ஒருவழியாக்கினார்கள். பத்து நிமிடத்தில் போய்விடும் ஆலயத்துக்கு ஊரைச் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. இன்றைக்கு மட்டும் டிவியில் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு ஞாயிறு சொன்னேன். 'இன்றைக்கு மட்டும்' என்பது எங்கள் வீட்டில் ரொம்ப நாள் தங்கும் விருந்தாளி. டிவி ஆராதனையில் முதலில் குளித்துவிட்டு உட்கார்ந்தோம். பிறகு காபியோடு உட்கார்ந்தோம். பிறகு பிரசங்கம் முடிவதற்குள் மத்தியானத்துக்கான பீன்ஸ் நறுக்கி முடிந்திருக்கும். அதில் என் பங்கும் உண்டு, நன்றாகவே நறுக்குவேன். கடைசியில் டிவியும் போய், பிரசங்கம் என் போனுக்கும் ஒன்றரை மடங்கு வேகத்துக்கும் வந்து சேர்ந்தது.

மாலை ஜெபத்தின் கதையும் அதுதான். எட்டரை மணிக்கு ஹாலில் பாய் விரித்து ஒரு கீர்த்தனை பாடுவோம், மகள் வேதம் வாசிப்பாள், நானோ மனைவியோ ஜெபிப்போம். மகள் பிளஸ் டூ வந்தாள், டியூஷன் எட்டரைக்கு மாறியது. அவள் வந்தபின் ஜெபிக்கலாம் என்றோம். வரும்போதே பசியோடு வருவாள், எனவே சாப்பிட்டுவிட்டு என்றோம். சாப்பிட்டால் கண் சொக்கும், எனவே அவரவர் படுக்கும்போது ஜெபித்துக்கொள்வோம் என்று முடிவானது. எங்கள் வீட்டில் 'அவரவர்' என்றால் ஒருவருமில்லை என்று பொருள். டியூஷன் முடிந்தது, மகள் கல்லூரிக்கும் போக ஆரம்பித்தாள். பாய் மட்டும் சுருட்டியபடியே கதவுக்குப் பின்னால் நின்றது. மனசில் ஒரு உறுத்தலும் இல்லை, அதுதான் வேடிக்கை. குடும்ப வாட்ஸ்அப்பில் தினமும் வரும் வசனத்துக்குப் பல் தேய்க்கும்போதே 'ஆமென்' போட்டுவிடுவேன்.

மிஞ்சியது சாப்பாட்டு ஜெபம் ஒன்றுதான். அதுவும் நாளாக நாளாகச் சுருங்கி, ஒரே மூச்சில் முடியும் ஒரே வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடும்போதே என் கை தட்டில் இருக்கும். நான் ஜெபிப்பது குக்கர் விசில் மாதிரி இருக்கிறதென்று மனைவி சொல்வாள்.

எங்கள் எதிர் வீட்டில் இருப்பவர் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவோம். ஒரு காலை அண்ணாச்சிக்கு நெஞ்சு வலித்தது. தேனாம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாளே பைபாஸ் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஆபரேஷன் அன்று காலையில் நானும் மனைவியும் அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தோம்.

அண்ணாச்சியை ஸ்டிரெச்சரில் வெளியே கொண்டுவந்தார்கள். நெற்றியில் திருநீறு, தலைமாட்டில் மூன்று கோயில் பிரசாதம். அக்கா ஸ்டிரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க வேதக்காரங்கல்லா. ஒங்க ஆண்டவர்ட்டயும் அவுகளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க."

திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணாச்சியின் தலையில் கை வைத்தேன். கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன். பழகிய வாய், அதுபாட்டுக்கு ஓடியது.

"ஆண்டவரே, எங்கள் முன்னால் இருக்கிற இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதை ஆசீர்வதியும். சமைத்த கைகளை ஆசீர்வதியும். ஆமென்."

ஆமென் சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மனைவி என் முழங்கையைக் கிள்ளியிருந்தாள், நேரம் கடந்துவிட்டது. அக்கா பக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி குடுக்கல தம்பி. நீங்க வேற ஆகாரத்த ஞாபகப்படுத்துதீங்க."

ஸ்டிரெச்சர் தள்ளிய பையன் சிரித்தான். அண்ணாச்சியும் சிரித்தபடியே உள்ளே போனார். கதவு மூடியது.

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அந்த மனிதர் திரும்பி வராவிட்டால், அவருக்காக நான் ஆண்டவரிடம் சொன்ன கடைசி வார்த்தை சாப்பாட்டு ஜெபமாக இருக்கும். சரி, இப்போதாவது ஒழுங்காக ஜெபிப்போம் என்று கண்ணை மூடினேன். ஆரம்பிக்கத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து சரளமாக ஜெபித்தவன், சபையில் என்னை எழுப்பிவிட்டால் உட்காரமாட்டேன் என்று கேலி செய்வார்கள். ஆண்டவரே என்பேன், அதற்குமேல் ஆகாரம்தான் வந்து நிற்கும். ரொம்ப நாள் பேசாத ஒருவருக்கு அவசரத்துக்குப் போன் போட்டவன் கதிதான். கடைசியில், ஆண்டவரே, அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நினைவு வந்து அண்ணாச்சி முதலில் கேட்டது இட்லியாம். கேட்டீர்களா வேதக்காரத் தம்பி ஜெபத்தின் மகிமையை என்று அக்கா எங்கள் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டார். சமைத்த கைகள் என்றது டாக்டரின் கைகளைத்தான் என்று கீழ் வீட்டுக்காரர் எனக்கே விளக்கம் சொன்னார். இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் வந்து ஜெபிக்கச் சொன்னார்கள். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணாச்சி வீடு திரும்பியபின் ஒரு மாலை ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனோம். ஆள் இளைத்திருந்தார், வாய் இளைக்கவில்லை. கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். எதையோ கேட்கத் தயங்குகிறவர் போல நின்றுவிட்டுச் சொன்னார்.

"தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க. முன்ன எல்லாம் ஒங்க வீட்டுப் பாட்டு கேக்கும். அதக் கேட்டுத்தான் நான் தோசக்கல்ல அடுப்புல வைப்பேன். அவுக கடையிலேருந்து வரவும் தோச வேகவும் சரியா இருக்கும். இப்பம் ரொம்ப நாளாக் கேக்கல. மெதுவாப் பாடுதீங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன். கொஞ்சம் சத்தமாப் பாடுனா என்ன?"

நாங்கள் நிறுத்திவிட்டோம் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. வேதக்காரர்கள் பாட்டை நிறுத்துவார்கள் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை. மெதுவாகப் பாடுகிறோமாம். பாடுகிறோம் அக்கா என்று என் மனைவிதான் சொன்னாள்.

அன்று எட்டரைக்கு டிவியை அணைத்தேன். மகள் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே அறையிலிருந்து வந்தாள். பாயை உதறினால் கரப்பான்பூச்சி ஒன்று எழுந்து ஓடியது. நான் எடுத்த எடுப்பிலேயே சுருதியை ஏற்றிப் பிடித்துவிட்டேன். மனைவி தொடர முடியாமல் இருமினாள், மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் சத்தமாகப் பாடினோம். இரண்டாம் சரணத்தில் எதிர் வீட்டில் தோசைக்கல்லில் மாவு விழுந்து 'சொய்' என்றது. மூன்றாம் சரணம் எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. இரண்டாவதையே இன்னொரு தடவை பாடினோம்.

இப்போதும் சில மாலைகளில் உடம்பு அசதியாக இருக்கும், 'இன்றைக்கு மட்டும்' என்று வாய்வரை வரும். அண்ணாச்சி பசியோடு உட்கார்ந்திருப்பார் என்பாள் மனைவி. எழுந்து போய்ப் பாயை விரிப்பேன்.