கோமதி மதினியின் சனி ஞாயிறு

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தான். பள்ளிக்கூட நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவன். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "ஏட்டி, மதினி போயிட்டாட்டி" என்றான். எங்கே போனாள் என்றுதான் முதலில் கேட்டேன். எங்கள் வீட்டை ஒட்டித்தான் அண்ணனின் தறிக்கூடம். வேலை நாளில் அங்கிருந்து வருகிற போனில் தறிச் சத்தம் இல்லாமல் இருந்ததே இல்லை. அன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கோமதி மதினி என் அண்ணனின் மனைவி. சங்கரன்கோவிலில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் குரலே போதும். ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கத் தறிகள் நின்றுவிடும். அந்த அமைதியில் டிவியைப் பார்த்து அவள் போடும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். "ஏலே, ஒனக்கு என்ன அவசரம்? கடைசி பஸ்ஸா போகப்போவுது?" என்பாள், வாரிச் சுழற்றி அவுட்டானவனைப் பார்த்து. எதிர்வீட்டு அண்ணாச்சி தன் வீட்டு டிவியைப் போடுவதே இல்லை. வாசலில் ஈசிசேரில் படுத்தபடி, "கோமதி, எத்தனை விக்கெட்?" என்று கேட்பார். கிரிக்கெட் என்றில்லை, கபடி, டென்னிஸ், ஹாக்கி எது வந்தாலும் பார்ப்பாள். எந்த ஆட்டத்திலும் தோற்றுக்கொண்டிருக்கிற பக்கம்தான் சேருவாள். அந்தப் பக்கம் எழுந்து வந்துவிட்டால் மனம் மாறி மற்றப் பக்கம் போய்விடுவாள். அண்ணனுக்கு இது பொறுக்காது. "நீ எந்தக் கட்சிட்டி?" என்று கத்துவான். "நான் ஆட்டத்துக் கட்சி" என்பாள்.

நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது என் கல்யாணத்துக்கு மூன்றாம் வருஷம், ஒரே ஒரு பையோடு. கணவர் வீட்டில் நடந்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை. மதினியிடமும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்தேன். ஒரு சனிக்கிழமை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏட்டி, எந்திரி. அடுப்புல பால் இருக்கு, என்னால நகர முடியாது. விக்கெட் விழுந்தா என்னையக் கூப்பிடு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே மதினி."

"எல்லாவனும் ஓடிப்போய் ஒருத்தன ஒருத்தன் கட்டிப்பிடிப்பான். அப்பக் கூப்பிடு."

டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன். யார் யாரோ ஓடினார்கள், பந்தைத் துடைத்தார்கள், திரும்ப நடந்தார்கள். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லோரும் நடுவே கூடியதும் என்னை அறியாமல் கத்தினேன்: "மதினி, கட்டிப்பிடிச்சிட்டானுவ!" கையில் கரண்டியோடு ஓடிவந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அடுக்களையில் அடுப்புக்கு முன் நின்றாலே டிவி நேராகத் தெரியும் என்பதை அடுத்த வாரம்தான் கவனித்தேன்.

சில மாதங்கள் கழித்து ராயகிரியிலிருந்து பெரியப்பா வந்தார். கூடவே உறவில் இரண்டு பெரியவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணன் வீட்டில் இருப்பான் என்று பார்த்து வந்திருந்தார்கள். அன்றைக்குக் கபடி இறுதி ஆட்டம். மதினி அதற்காகக் காலையிலேயே சமையலை முடித்து வைத்திருந்தாள். வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், மழையில்லாததைப் பற்றிப் பேசினார்கள், பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். நான் கணவர் வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். அவர்களே கொண்டுபோய் விடுவார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பாவை எதிர்த்து அவன் பேசிப் பழக்கமில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மதினி எழுந்துபோய் டிவியை அணைத்தாள். ஆட்டம் நடக்கும்போது அவள் டிவியை அணைத்ததை அன்றைக்கு ஒருநாள்தான் பார்த்தேன்.

"மாமா, அவளுக்குப் போகணும்னு தோணுச்சுன்னா நானே கொண்டுபோய் விடுதேன். தோணலைன்னா இங்கனதான் இருப்பா."

"நீ இன்னைக்குச் சொல்லுவம்மா. நாளப்பின்ன உங்களுக்கே பாரமா வந்து நிப்பா."

"பாரமா இல்லையான்னு சொமக்கவதான சொல்லணும்? நான் சொல்லலையே மாமா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. தெருவுக்கே கேட்கிற அந்தக் குரலை அன்றைக்கு அவ்வளவு தாழ்த்தி வைத்திருந்தாள்.

அண்ணன் தலையைத் தூக்கி, "அவ சொல்லுததுதான் எனக்கும் பெரியப்பா" என்றான். வந்தவர்களைச் சாப்பிட வைத்துத்தான் மதினி அனுப்பினாள். அவர்கள் பஸ் ஏறப் போனதும் டிவியைப் போட்டாள். ஆட்டம் முடிந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். "சே, யாரு தோத்தான்னு கூடத் தெரியலையே" என்று சொல்லிவிட்டு எச்சில் இலைகளை எடுக்கப் போனாள்.

"இது உன் வீடு" என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஈரத்துண்டை நாற்காலியில் போட்டால் திட்டுவாள். வெங்காயத்தைப் பெரிதாக நறுக்கினால் திட்டுவாள். விருந்தாளியை யாரும் திட்டமாட்டார்கள். அந்த வீட்டில் சனி ஞாயிறு வேலையெல்லாம் விளம்பரம் வரும்போதுதான் நடக்கும். குழம்புக்கு உப்புப் போடுவது, மாடியில் துணி எடுப்பது, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் செய்வது எல்லாம் அந்த இடைவெளியில். "ஏ மக்கா, சாப்டியா? சரி, போட்டுட்டான், வச்சிருதேன்" என்று பேச்சை முடித்துவிடுவாள். ஞாயிறு காலை அண்ணன் கறி வாங்கி வருவான். அவன் எதை வாங்கி வந்தாலும் எலும்பு அதிகம் என்று ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே இஞ்சி தட்டுவது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நான் பி.எட். முடித்தேன். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. வாரநாளில் அங்கே விடுதியில் இருப்பேன். சனிக்கிழமை காலை பஸ் பிடித்து வந்துவிடுவேன். ஒருமுறை எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு அண்ணனையும் மதினியையும் கூட்டிப்போனேன். ஆசிரியைகளுக்குப் பால் பேட்மிண்டன் வைத்திருந்தார்கள். எங்கள் அணியில் ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. மதினி என்னிடம் வந்து, "நான் நிக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். மட்டையைக் கையில் வாங்கி இரண்டு தடவை சுழற்றிப் பார்த்தாள்.

அந்த மஞ்சள் கம்பளிப் பந்து அவள் மட்டையில் பட்டுப் போன வேகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஐம்பதை நெருங்கியவள், மூச்சு வாங்கினாள், ஆனால் பந்து எங்கே வரும் என்று தெரிந்து முன்னாலேயே அங்கே நின்றாள். வாசுதேவநல்லூரில் படித்தபோது பள்ளி அணியில் ஆடியிருக்கிறாள், கல்யாணத்தோடு விட்டுவிட்டாள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அண்ணன் எழுந்து நின்றேதான் பார்த்தான். நாங்கள் ஜெயித்ததாக ஞாபகமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவன், "முன்னாலயே சொல்லிருக்கலாம்லா" என்றான்.

"நீங்க கேட்டீகளா?" என்றாள். கோபமாக இல்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. முகத்தில் இன்னும் வேர்வை காயவில்லை. அந்த முகத்தைப் போல நிறைந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை அண்ணன் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தான். பெரிது பெரிதாகத்தான் நறுக்கினான். அவள் திட்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் கோவில்பட்டிக்குத் திரும்பினேன். உண்மையைச் சொல்வதானால் பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டுக்கு நான் யார்? அண்ணன் நல்லவன்தான், ஆனால் என்னை அங்கே இருத்தியவள் அவள்தானே? முதல் சனிக்கிழமை விடுதியிலேயே இருந்துவிட்டேன். துணி துவைத்தேன், பேப்பர் திருத்தினேன். மத்தியானம் பக்கத்து அறையில் யாரோ போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது. அதற்கு மேல் கேட்கவேண்டிய ஒரு குரல் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணனிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன். வீடு திறந்து கிடந்தது. ஹாலில் டிவி அணைந்திருந்தது. அடுக்களையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அடுப்பில் சோறு, எங்கள் இரண்டு பேருக்கும் போதுமான உலை.

"நான் வருவேன்னு யாரு சொன்னா?" என்றேன்.

"சனிக்கிழமைலா" என்றான். கரண்டியை என்னிடம் நீட்டி, "பையை வச்சிட்டு அந்த ரசத்தைப் பாரு. என்னமோ குறையுது, என்னன்னு தெரியலை" என்றான். நான் ருசி பார்த்தேன். எனக்கும் என்னவென்று தெரியவில்லை. இருவரும் அதைத்தான் ஊற்றிச் சாப்பிட்டோம்.

கோமதி மதினியை அறிந்தவர்கள் ஆளுக்கொரு ஞாபகத்தை வைத்திருப்பீர்கள். அவள் எனக்கு விட்டுப்போனது, முன்கூட்டிச் சொல்லாமல் போய் இறங்கக்கூடிய ஒரு வீடு. அதை நான் வைத்துக்கொள்வேன். சனிக்கிழமைதோறும் போவேன். வீடு அப்படியே இருக்கிறது. அவளைத்தான் காணோம்.