இலங்கை என்று கூப்பிட்டபோது

பெரியப்பாவின் கறுப்புக் கோட்டு, பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே பெட்டியை விட்டு வெளியே வரும். அன்று பண்டாரவளை ஹோட்டலுக்குப் போக அதைப் போட்டுக்கொண்டு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தார். பதுளையில் ஆசிரியையாக இருந்த என்னை, இங்கிலீஷ் தெரிந்தவள் என்று கூடவே அழைத்துக்கொண்டார். உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி.

உலக யுத்த காலத்தில் திருகோணமலைப் பக்கம் ஒரு குண்டுவீச்சு விமானப் படையில் இருந்தவர் அவர். ஆங்கிலேயர், கனடாக்காரர், ஆஸ்திரேலியர், ஒல்லாந்தர் என்று பல நாட்டாரும் கலந்த படை. பெரியப்பாவுக்குக் குண்டு ஏற்றும் வேலை. ஏற்றி முடித்ததும், போனவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று விமானத்தின் வயிற்றில் சாக்கட்டியால் ஒரு சிலுவை போடுவாராம். சிலுவை போட்டாயிற்றா என்று கேட்காமல் வெள்ளைக்காரக் கேப்டன் ஏற மாட்டாராம். சாப்பாட்டு நேரத்தில் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பாராம். துரையைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற எங்கள் சனம் இதை எப்படி நம்பும்? காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடும்போதெல்லாம், "என்னா குண்டுக்காரரே, இன்னைக்கு எந்த ஊருல போடப் போறீங்க?" என்று கேலிதான். ஆயுசு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, அந்தக் கேப்டனே பழைய கூட்டாளிகளோடு பண்டாரவளைக்கு வருகிறார் என்ற சேதி போதாதா?

கேப்டன் பார்த்தவுடனே பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. பிறகு மண்டபத்தில் படையின் கதையைச் சொல்லி, கேப்டன் ஒவ்வொரு நாடாகக் கூப்பிட்டார். அந்தந்த நாட்டுக் கிழவர்கள் எழுந்து நின்றார்கள், கைதட்டல். கடைசியாக, "எங்களுக்கு இடம் கொடுத்த இலங்கை" என்றார். குடியுரிமை இல்லாமல் பாதி ஆயுசைக் கழித்த பெரியப்பா, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

கேப்டன் சிரித்துவிட்டார். "இவன் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பையன். அருமையான தேத்தண்ணி!" என்று இங்கிலீஷில் சொன்னார். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. அதைப் புரிந்துகொள்ளப் பெரியப்பாவுக்கு நான் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

இப்போது அந்தப் படையின் வரலாறு இணையத்தில் கிடைக்கிறது. எல்லா நாட்டுக் கொடியும் போட்டிருக்கிறார்கள். பெரியப்பாதான் எங்கேயும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போது சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வயசாயிருச்சுல்ல பெரியப்பா, மறந்திருப்பாரு" என்றேன்.

"மறந்திருந்தா விட்டுருவேன் பாப்பா," என்றார். "பேரு ஞாபகம் இருந்துச்சே."