கஜாலின் ஓய்வு மரம்

கெலாவேஜ் வாழ்க்கைப்பட்டு வருமுன்பே கஜாலின் பெயர் அவள் காதில் விழுந்துவிட்டது. பெண் பார்க்க வந்த மாமியார்தான் சொன்னாள். மூத்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் பெண்டாட்டி கஜால் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள், தன் மரத்தில் ஓர் இலை குறைந்தாலும் தூங்கமாட்டாள் என்று. அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

பனி சரியாக விழாமல் ஊற்று வற்றிய வருஷத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. பானே டவுனுக்கு மேலே இருக்கிற அந்த மலையில் ஓக் மரங்கள் வீட்டுக்கு வீடு பாத்தியதை. கோடை முடிகிற சமயம் இலைக்கொப்புகளைத் தறித்து, பனிக்காலத்து ஆட்டுத்தீனியாக மரத்தின் கவட்டிலேயே அடுக்கிவைப்பார்கள். ஒருதரம் தறித்த மரத்துக்கு அப்புறம் இரண்டு வருஷம் ஓய்வு. ஓய்வு மரத்தில் கத்தி வைத்தவனோடு ஊரில் யாரும் ரொட்டி பிட்கமாட்டார்கள்.

கஜாலின் ஓய்வு மரத்தடியில் இலையும் கொப்புமாகச் சிதறிக் கிடந்தது. ஒரு பிடி அள்ளிவந்து கெலாவேஜின் வாசலில் போட்டாள்.

"முறிஞ்ச கொப்புன்னா நார் தொங்கும்டி. இது அடி மழமழன்னு இருக்கு. உன் புருஷன் கத்திதான். வெள்ளிக்கிழமை தர்காவுல குரான் மேல கை வச்சுச் சொல்லச் சொல்லு."

கெலாவேஜின் புருஷன் மிர்சா அசரவில்லை. "உன் மர எலையைத் தின்னா என் ஆட்டுக்கும் உன் வாய் வந்துருமே, மதினி" என்று சொல்லிவிட்டு மந்தையோடு போய்விட்டான்.

கெலாவேஜுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பொய்ச்சத்தியம் பிள்ளையைத் தின்னும் என்பார்கள். அவள் பிள்ளையோ தொட்டிலில் கிடந்தது. செய்திருப்பானோ, மாட்டானோ? பால் கறந்தவள் பாதியில் எழுந்தாள். ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவன் தொழுகைக்கு வாசலில் முகம் கழுவிய நேரம் கத்தியை எடுத்து மோந்தாள். பச்சை வாடை அடித்தது. சொந்த மரம் தறிக்கிறவன் கத்தியில் வேறென்ன வாடை அடிக்கும்?

வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்தாள். காற்றே இல்லை. கழுத்து வலிக்க அண்ணாந்தே இருந்தாள். ஒரு கொப்பு இலையோடு தானாக இறங்கி வந்தது. பிறகு இன்னொன்று, அவள் மடியிலேயே. அதன் அடி, கறி தின்று முடித்த எலும்பு மூட்டுப்போல உருண்டை. தாழ்ந்த கிளையில் அதற்கேற்ற குழி ஒன்று இருந்தது. வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

ஓடிப்போய்க் கஜாலைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். முக்காட்டின் மேலேயே ஒன்று விழும்வரை கஜால் கைகட்டிக்கொண்டுதான் நின்றாள். விழுந்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணியில்லாத வருஷம். தாங்கமாட்டாம உதறியிருக்கு. உதறினதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா, சனியன்" என்று மரத்தைத் திட்டினாள். "நீயே உன் புருஷன்கிட்டச் சொல்லிரு."

"ஊரறியப் பேசினது நீங்க. நீங்களே சொல்லுங்க, அக்கா."

வெள்ளிக்கிழமை தர்கா வாசலில், ஊர் பார்க்க, கஜால் அந்தக் கொப்புகளை மிர்சாவின் காலடியில் வைத்து, மரம் செய்ததை மறைக்காமல் சொன்னாள். மிர்சா குனிந்து ஒன்றை எடுத்தான். "உன் சந்தேகம் தீர்ந்துச்சு, மதினி. என் கத்தியை மோந்து பார்த்தது யாருன்னுதான் எனக்குத் தெரியணும்" என்றான். கெலாவேஜ் பிள்ளையின் குல்லாயைச் சரிசெய்தபடி தலை நிமிராமல் இருந்தாள்.

அதெல்லாம் பழைய கதை. கஜால் இப்போது பானே டவுனில், மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறாள்; இலை குறைகிறதா என்று பார்க்க அங்கே மரம் இல்லை.