கையெழுத்தில்லாத மனு

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பதினாலு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மில்லை மூடியதும் ஆறு மாதம் வேலையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஒன்றில் அலுவலக உதவியாளர் வேலை என்றறிந்து, மனுவை நானே டைப் அடித்து அனுப்பினேன்.

நேர்முகத்தில் தலைமை எழுத்தர் அதை என் முன் நகர்த்தினார். என் பெயருக்கு மேல் வெற்றிடம். கையெழுத்தே போடவில்லை.

"மில்லுல நான் அடிச்சு வைப்பேன், மேனேஜர்தான் கையெழுத்துப் போடுவாக சார். அந்தப் பழக்கம்" என்றேன்.

"ஒதுக்கத்தான் எடுத்தேன். ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லையேன்னு கூப்பிட்டேன். இப்பப் போடுங்கம்மா" என்று பேனாவைத் தந்தார்.

வேலை கிடைத்தது. இன்று அங்கே மனுக்களைப் பிரிப்பவள் நான்தான். கையெழுத்தில்லாத மனு வந்தால் ஒதுக்குவதில்லை. கார்டு போட்டு வரவழைத்து, பேனாவை நீட்டுகிறேன்.