விரிசல் மேல் ஒட்டிய காகிதம்

பழைய வீட்டில் ஒரு கதவு திடீரென்று பிடிக்க ஆரம்பித்தால் கதவை இழைக்காதீர்கள். தலையைத் தூக்கி மேலே பாருங்கள். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நாங்கள் இழைத்தோம், அதுவும் இரண்டு முறை.

அறுபதுகளின் கடைசியில், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தறி அறையின் கதவு மாசி மாதத்தில் நிலையோடு உரசத் தொடங்கியது. மாசியில் மழை ஏது? மரம் ஊறிக் கதவு பிடிக்க வழியே இல்லை. அதை யோசிக்கும் அளவுக்கு எனக்கு மூளை உண்டு என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவிலிருந்து இழைப்புளி இரவல் வாங்கி வந்து மேல் விளிம்பைச் சீவினார். கதவு சரியாக மூடியது. பங்குனியில் மறுபடி பிடித்தது. மறுபடி சீவினார். "நல்லா இழைச்சிட்டீங்க" என்று நான் பாராட்டு வேறு கொடுத்தேன்.

சித்திரையில் வீட்டை விற்கும் பேச்சு வந்தது. வீடு அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. அண்ணன் தறியை விட்டுவிட்டு வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே குடும்பத்தோடு போய்விட்டவர். பாகம் பிரித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். நியாயமான பேச்சுதான். அந்தச் சின்ன வீட்டை நடுவில் வகிர முடியாது, விற்றுத்தான் பிரிக்க வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு வாங்க மாட்டார்கள், பத்திரம் எழுத மாட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டும். வருகிறவர்கள் முதலில் தொடுவது கதவைத்தானே, அதை ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று ஆசாரியைக் கூப்பிட்டோம்.

வயதான ஆசாரி. கதவை அவர் தொடவே இல்லை. நிலையின் மூலையிலிருந்து சுவரில் மேலே ஓடிய விரிசலைப் பார்த்தார். அது எங்கள் கண்ணுக்கு அதுவரை விரிசலாகத் தெரியவில்லை, சுவரில் இருக்கும் கோடாகத்தான் தெரிந்தது. ஏணியைப் போட்டு ஏறினார். விரிசல் போய் முடிந்த இடத்தில், சுவருக்குள் நுழையும் உத்தரத்தின் முனையை உளியின் பின்பக்கத்தால் தட்டினார். டொக் டொக் என்று சத்தம் வரவேண்டிய இடத்தில் பொத்தென்று ஒரு சத்தம் வந்தது. இன்னும் தள்ளித் தட்டினார். பொத். அவர் நகர்ந்து நகர்ந்து தட்டிக்கொண்டே போனார். ஒரு கை நீளத்துக்கும் மேல் போன பிறகுதான் மரத்தின் சத்தம் கேட்டது. 

"ஏம்மா, இது மரமில்ல. தோல்தான் நிக்குது. உள்ள பூரா கரையான் மண்ணு" என்றார் கீழே இறங்கி.

"வருஷா வருஷம் ஓடு மாத்திக்கினுதானே இருக்கறோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"மேலேருந்து ஒழுகலபா. ஈரம் கீழேருந்து ஏறியிருக்குது. நீங்கதான் தண்ணி ஊத்தி வளத்திருக்கறீங்க."

அவர் சொன்னது சத்தியம். பட்டு நூலுக்குக் காய்ந்த காற்று ஆகாது, இழை பட் பட்டென்று அறுந்துவிடும். அதனால் நாங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை. கோடையில் தரையில் தண்ணீர் தெளிப்போம், தறிக்குழிக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கு போட்டு வைப்போம், சுவரோரம் இன்னொன்று தொங்கும். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சாக்கை நனைத்துப் போடுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எங்கள் தறியில் நூல் அறுவதில்லை என்று தெருவில் பேர். நூலைக் காப்பாற்றிக் காப்பாற்றி என் கையாலேயே உத்தரத்தைக் கரையானுக்கு ஊட்டியிருக்கிறேன்.

"இன்னிக்கே முட்டு குடுத்தாகணும். இங்க" என்று சொல்லி ஆசாரி கால் விரலால் ஓர் இடத்தைக் காட்டினார்.

அவர் காட்டிய இடத்துக்கு மேலே பாவு ஓடிக்கொண்டிருந்தது. நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல்தான் பாவு. எங்கள் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, முழங்கால் உயரத்தில், அரக்குச் சிவப்பில் அது விறைத்து நின்றது. ஒரு பாவில் மூன்று புடவை. மூன்றாவது ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை. அதை நெய்து முடிக்காமல் பாவை அறுப்பது எங்களில் நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம். தாலி கட்டும்போது உடுத்தப் போகிற பட்டு. நடுவில் கத்தி வைத்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் கத்தி வைத்த மாதிரி.

"கொஞ்சம் சுவரோரமா நிறுத்தக் கூடாதா?" என்றேன்.

"அங்க மரமே இல்லையேம்மா. மண்ணுக்கு முட்டு குடுத்து இன்னா பண்றது?"

என் வீட்டுக்காரர் பாவை ஒரு முறை கையால் தடவினார். அப்புறம், "பாவு எறங்கட்டும் ஆசாரி, ஒண்ணர மாசம்" என்றார். கிழவருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரும் இந்த ஊர்க்காரர். பாவை அறு என்று அவர் வாயாலும் அன்றைக்கு வரவில்லை. என் மகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கோடு போட்ட ஒரு காகிதத்தைப் பட்டையாகக் கிழித்து, கஞ்சிப் பசை தடவி, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினார். "இது முழுசா இருந்தா சுவர் நிக்குதுன்னு அர்த்தம். கிழிஞ்சிதுன்னா நகருதுன்னு அர்த்தம். கிழிஞ்ச அன்னிக்கு எதையும் பாக்காதீங்க, வெளிய வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். விரிசல் உள்ள எல்லா வீட்டிலும் இதைச் செய்யலாம். காகிதமும் கஞ்சியும் போதும்.

அடுத்து வந்த நாட்களைப் போலப் பயந்த நாட்கள் என் வாழ்க்கையில் இல்லை. எங்கள் புடவை கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்ய, வலது பக்கம் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்குள் ஓட்டிக் கொடுப்பவள் நான். அந்த உத்தரம் எங்கள் இரண்டு பேர் தலைக்கும் நேர் மேலே போனது. விழுந்தால் நானாவது உருண்டு தப்பிக்கப் பார்க்கலாம். குழிக்குள் காலை விட்டிருக்கிற மனிதர் எப்படி எழுவார்? இரண்டு பேரும் ஒன்றாகப் போய்விட்டால் ஏழு வயதுப் பெண் யார் வீட்டில் வளரும்? ஒவ்வொரு இழைக்கும் இதே நினைப்பு. மகளைத் தறி அறைப் பக்கமே வரக்கூடாது என்று மிரட்டி வைத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. அவள் வெளியே போய் அம்மாவுக்குப் பைத்தியம் என்று சொல்லியிருக்கிறாள்.

வைகாசி உற்சவம் வந்தது. ஊரே கருட சேவைக்கு ஓடியது, நான் அதிர்வேட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் ஓட்டிலிருந்து தூசி பாவின் மேல் இறங்கும். கோழி இறகால் அதைத் தட்டிவிட்டு மறுபடி உட்காருவேன். தினமும் விடிந்ததும் முதல் வேலையாகக் காகிதத்தைப் போய்ப் பார்ப்பேன். முழுதாக இருக்கும். "பாத்தியா, ஒண்ணுமில்ல. சும்மா பயந்து சாவற" என்பார் அவர். அந்த ஒண்ணுமில்லையை நான் மாத்திரை விழுங்குவது போல விழுங்கிக்கொண்டு உட்காருவேன்.

முதல் புடவை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. முகூர்த்தப் புடவை பாதியில் இருந்தபோது வீடு பார்க்க ஆள் வருவதாகத் தரகர் சொல்லியனுப்பினார். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம், புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். என் வீட்டுக்காரர் ஒரே நாளில் அறை முழுவதும் வெள்ளையடித்தார். விரிசல், காகிதம் எல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விட்டது.

"ஐயோ, அத ஏங்க மூடினீங்க? இனிமே எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன்.

"வர்றவன் கண்ணுல மொதல்ல அதான் படும். தறி ஓடிக்கினு இருக்கணும், செவுரு வெள்ளையா இருக்கணும். நின்னுபோன தறி இருக்கற ஊட்ட எவன் வாங்குவான்?"

இதுவும் உண்மைதான். பாதிப் பாவோடு தறி நின்ற வீடு என்றால் எங்கள் தெருவில் தரித்திரம் பிடித்த வீடு என்று பேர். ஆனால் விற்கப் போகிற வீட்டின் விரிசலை வெள்ளையடித்து மறைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வாங்குகிறவர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். அந்தச் சுவருக்குள் தினமும் படுத்து எழுவது நாம்.

அவர்கள் வந்தபோது நாங்கள் நெய்துகொண்டிருந்தோம். அந்தப் பெண்ணுக்கு ஆறேழு மாதம் இருக்கும், கையை இடுப்பில் ஊன்றியபடிதான் நின்றாள். அவள் புருஷன் குழியைப் பார்த்தான், வெளிச்சத்தைப் பார்த்தான், திருப்தியாகத் தலையாட்டினான். குடிக்கத் தண்ணீர் கொண்டுவர நான் எழுந்தேன். செம்போடு திரும்பி வந்தபோது அவள் என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல இடம்க்கா. சாஞ்சிக்க செவுரு இருக்குது. கொழந்தய பக்கத்துல போட்டுக்கினே வேல பாக்கலாம்" என்று சிரித்தாள்.

அவளுக்கு முன்னால் சிவப்புப் பாவின் மேல் வெள்ளையாக ஏதோ உதிர்ந்திருந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புப் பொருக்கு. அண்ணாந்து பார்த்தேன். முந்தாநாள் அடித்த வெள்ளையில், விரிசல் இருந்த அதே வழியில், தலைமுடி போல ஒரு கோடு.

"எழுந்திரும்மா" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். செம்பைக் கீழே போட்டுவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்து எழுப்பினேன். "வெளிய போங்க. உத்தரம் உளுத்துப் போயிருக்குது. எல்லாரும் வெளிய போங்க."

தரகர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பெண்ணின் புருஷன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். என் வீட்டுக்காரர் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். "கெடுத்துட்டியே" என்றார். நான் ஆசாரி வீட்டுக்கு ஓடினேன்.

ஆசாரி சவுக்குக் கட்டையோடு வந்தார். பாவுக்கு முன்னால் வந்து நின்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கத்தியைக் கையில் எடுத்தார்.  அறுக்க முடியவில்லை, கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதை எடுத்து நான் அறுத்தேன். விறைத்து நின்ற பட்டு ஒரே நொடியில் துவண்டு தரையில் விழுந்தது. யாரென்று தெரியாத அந்தக் கல்யாணப் பெண்ணிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

முட்டு நின்றது. அப்புறம் ஆசாரி சுவரைப் பார்க்க வேண்டும் என்று சுண்ணாம்பைச் சுரண்டினார். காகிதம் தெரிந்தது, நடுவில் கிழிந்திருந்தது. அதை உரித்தார். அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் கிழிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. ஐந்து பட்டைகள். ஐந்திலும் என் மகளின் கையெழுத்து. நோட்டில் பக்கம் குறைகிறது என்று அவளை அந்த மாதம்தான் முதுகில் சாத்தியிருந்தேன்.

ஆசாரி உளியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"கிழிஞ்சது தெரிஞ்சும் என்ன அங்க ஒக்கார வெச்சீங்களா?"

அறுந்து கிடந்த பட்டைக் குனிந்து அள்ளினார். "நானும் அங்கதானே ஒக்காந்துக்கினு இருந்தேன்" என்றார். அப்புறம், "நீ எழுந்துட்டா கோர்வைக்கு நான் யாரத் தேடுவேன்?" என்றார்.

அந்த வீடு ஆடிக்கு முன் விற்கவில்லை. அண்ணன் பொறுத்துக்கொண்டார். புது உத்தரம் ஏற்றி, ஜன்னல்களைத் திறந்து போட்டு, மறு வருஷம் விற்றோம். வாங்க வந்தவர்களிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். மூன்று பேர் எழுந்து போனார்கள், நான்காமவர் வாங்கினார். விற்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அவரை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை. அந்த ஐந்து காகிதத்தைச் சொல்லிக் காட்டாத சண்டை எங்கள் வீட்டில் கிடையாது. அவர் ஒரு முறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. போய்ச் சேரும் வரை அந்தப் பழியைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லவே இல்லை. முகூர்த்தப் புடவை தொடங்கிய வாரம், ஒரு விடியற்காலையில், காகிதத்தைப் பார்த்ததோடு நிற்காமல் விரலால் தொட்டேன். பசை ஈரமாக இருந்தது. விரல் நுனியில் கஞ்சி ஒட்டியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, போய் என் இடத்தில் உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தேன்.